தளபதி வீட்டு மருமகள்கள்

புதுச்சேரி சாரத்தில் மேனகா குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு வெள்ளைக் குதிரை வந்து நின்றது. உயிருள்ள குதிரை இல்லை, பிளெக்ஸ் பேனரில் அச்சடித்த குதிரை. அதன் மேல் ஆட்டுத்தோல் குல்லாவும் முறுக்கு மீசையுமாக ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் வாள். குதிரையின் வாலுக்குப் பக்கத்தில் மேனகாவின் மகள் கவிநிலா சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைப் பையனுக்குக் குதிரைக் குளம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 'உக்ரைன் தேசத்து மாவீரர் ஜெனரல் தெரெமிவ்ஸ்கி வம்சத்தில் சம்பந்தம் காணும் அண்ணன் பலராமன் குடும்பத்தை வாழ்த்துகிறோம்' என்று மஞ்சள் எழுத்து. அதற்கும் கீழே, கும்பிட்ட கையோடு சொந்தக்காரர்களின் முகங்கள். பெற்றவள் முகத்தை மட்டும் காணோம். மேனகா பால் பாக்கெட்டோடு நின்று அதை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பேச்சு முடிப்பதே அன்று சாயங்காலம்தான். பேசவே இல்லை, அதற்குள் பேனர்.

படம் இல்லாததில் அவளுக்கு வருத்தம் இல்லை. அவளைக் கேட்டால் அந்தத் தெருமுனையில் எந்தப் படமும் இருந்திருக்கக் கூடாது. இந்தக் கல்யாணம் நடக்கவே கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். அதை யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் தப்பாகப் போயிற்று.

கவிநிலா டாக்டருக்குப் படிக்க உக்ரைனுக்குப் போனவள். நாலாவது வருஷம் படிக்கும்போது சண்டை வந்தது. அவள் படித்த கார்கிவ் ஊரில் குண்டு விழுந்தபோது, நம் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் நின்று, நெரிசலில் ஒவ்வொருவராக ரயிலில் ஏற்றிவிட்டவன் மக்சிம். அதே கல்லூரியில் அவளுக்கு மூத்த மாணவன். ரயில் கிளம்பிய பிறகு அவன் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டான், அவன் ஊர் அதுதானே. கவிநிலா வீடு வந்து சேர்ந்தாள், மிச்சப் படிப்பை வேறொரு நாட்டில் போய் முடித்தாள், இங்கே எழுத வேண்டிய பரீட்சையையும் எழுதிப் பாஸானாள், ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராகச் சேர்ந்தாள். அப்பாடா என்று மேனகா மூச்சுவிட்ட சமயத்தில், நான் மக்சிமின் ஊருக்கே போய் அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். அவன் இப்போது அந்த நாட்டின் மேற்கில், அடிபட்ட சிப்பாய்களைப் பார்க்கிற ஆஸ்பத்திரியில் இருக்கிறான். சண்டை முடியும்வரை அவனால் நாட்டைவிட்டு வெளியே வர முடியாது. அதனால் இவள் போலந்து வரைக்கும் விமானத்தில் போய், அங்கிருந்து ரயில் பிடிப்பாளாம். ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த பாதையில் இவள் மட்டும் டிக்கெட் எடுத்துத் திரும்பிப் போவாளாம்.

பலராமன் தாம்தூம் என்று குதித்தார். மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற மனுஷன், சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவர், அன்றைக்குத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். குண்டு விழுகிற ஊருக்கு என் பெண்ணை அனுப்ப நான் என்ன பைத்தியமா, மொழி தெரியாது, சாமி வேற, சனம் காறித் துப்பாதா என்று அடுக்கினார். மேனகாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஆனால் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். புருஷன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை தானும் எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அவள் கணக்கு. 'நான் என்னடி பண்றது, உங்கப்பா ஒத்துக்க மாட்டேங்கறாரே' என்று மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அவர் கெட்டவராகவும் இவள் நல்லவளாகவும் வண்டி சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது புருஷன்மார்களையும் சேர்த்துத்தான்.

அந்த மண்குதிரையைக் கரைத்தவர் கோவிந்தசாமி. பலராமனின் அக்கா செல்வாம்பாளின் வீட்டுக்காரர். அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, கப்பலேறி சைகோன் வரைக்கும் போய்வந்தவர். புதுச்சேரியில் சொல்தா வீடு என்றால் அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. இரண்டு தலைமுறை தாண்டியும் கோவிந்தசாமி அந்த மரியாதையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிபவர். சம்பந்தம் என்றால் முதலில் குடும்பத்தை விசாரிக்க வேண்டாமா, வேண்டாம் என்று சொல்வதானால்கூட விசாரித்துவிட்டுச் சொல்வதுதான் முறை என்று அவர் ஒருநாள் ஆரம்பித்தார். மேனகா நன்றாக விசாரியுங்கள் அண்ணா என்று காபி போட்டுக் கொடுத்தாள். அந்தக் காபியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாரிஸில் இருக்கிற தன் உறவுக்காரப் பையனிடம் மாப்பிள்ளையின் குடும்பப் பெயரைக் கொடுத்தார் கோவிந்தசாமி. பதில் வந்தபோது கூடவே ஒரு படமும் வந்தது. குதிரை, குல்லா, மீசை. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாடு கொஞ்ச காலம் தனியாக நின்றபோது அதன் படையை நடத்திய ஜெனரலாம். அவருடைய அப்பா ஜார் மன்னரின் குதிரைப்படையில் பெரிய அதிகாரியாம். அம்மா பிரபு வம்சமாம். நிலம் கண்ணுக்கெட்டிய தூரமாம், லாயத்தில் குதிரை மட்டும் இருநூறாம். மக்சிம் அவருக்கு நேர் வாரிசு. கவிநிலாவிடம் கேட்டார்கள். ஆமாம், கொள்ளுத் தாத்தாவுக்கு அப்பா என்று அவள் அசிரத்தையாகச் சொன்னாள். பையனின் அப்பா என்ன செய்கிறார் என்றதற்கு, அவரும் ஆர்மியில் இருக்கிறார் என்றாள். கோவிந்தசாமிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் தாத்தா வெறும் சொல்தா, அதற்கே கவர்னர் கைகொடுத்தார், இது ஜெனரல் வீடு, பலராமா, உன் பெண் போகிற இடம் என்னவென்று தெரிகிறதா என்று மச்சானின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அன்றோடு பலராமனுக்குக் குண்டு மறந்துபோயிற்று. சாமி மறந்துபோயிற்று. காறித் துப்ப இருந்த சனம் பேனரில் கும்பிட்டுக்கொண்டு நின்றது. பட்டறையில், டீக்கடையில், பஸ்ஸில் என்று எங்கே உட்கார்ந்தாலும் ஜெனரலின் அம்மா வழி, அப்பா வழி என்று பேச ஆரம்பித்துவிட்டார். தன் சொந்த அப்பாவின் திதி என்றைக்கு என்று மேனகா ஞாபகப்படுத்த வேண்டிய மனுஷன், ஜெனரலின் பாட்டனார் எந்தப் போரில் மெடல் வாங்கினார் என்று தடுமாறாமல் சொன்னார். ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர் அந்த மூலத்தைப் பிடித்துக்கொண்டு நதியைப் பார்க்காமல் விட்டுவிட்டாரே என்று மேனகா தைத்துக்கொண்டிருந்த பிளவுஸில் ஊசியைக் குத்து குத்தென்று குத்தினாள். ஒருநாள் வாயைத் திறந்து, ஏங்க அங்கே இன்னும் சண்டை நடக்கிறதே என்று கேட்டும் பார்த்தாள். ஜெனரல் வீட்டுப் பிள்ளை சண்டைக்குப் பயப்படுவானா என்றார் பலராமன். அவளுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பால் பாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு, தாம்பூலத் தட்டுக்கு வேண்டியதை வாங்க மேனகா பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். வெற்றிலைக் கடையில் கூட்டம். மீன் பக்கமிருந்து வந்த கூடைக்காரர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். வழக்கமாகப் பூ வாங்குகிற இடத்தில் சுடர்விழி என்கிற பூக்காரி, என்னக்கா பொண்ணுக்கு ராஜ வம்சத்துல மாப்பிள்ளையாமே என்று மல்லிகையை அளந்துகொண்டே கேட்டாள். சாரத்திலிருந்து இவ்வளவு தூரம் சேதி வந்துவிட்டதா என்று மேனகாவுக்கு எரிச்சல். ராஜ வம்சமாவது ஒன்றாவது, பூவை நெருக்கிக் கட்டு என்றாள். சுடர்விழி விடவில்லை. எந்த வம்சமா இருந்தா என்னக்கா, அந்த வீட்டுக்கு வாழப் போன பொண்ணுங்க எப்படி இருந்தாங்கன்னு கேட்டீங்களா, எங்க பக்கத்துல அதைத்தான் மொதல்ல கேப்பாங்க என்றாள்.

மேனகாவுக்கு யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்திலும் அதைத்தானே முதலில் கேட்போம். அவளைப் பலராமனுக்குக் கொடுக்கும்போது அவளுடைய அம்மா ஆள் வைத்து விசாரித்தது இதைத்தான். மாமியார் சோறு போட்டாளா, மூத்த மருமகள் சிரித்த முகமாக இருக்கிறாளா, அந்த வீட்டில் யாராவது பெண் வாழாமல் திரும்பி வந்திருக்கிறாளா. ஆம்பளைகள் குதிரையை எண்ணிக்கொண்டிருந்ததில் இவளும் மயங்கிக் கிடந்துவிட்டாள். அவ்வளவு பெரிய வீட்டில் ஏதாவது ஒரு மருமகளுக்கு ஏதாவது ஒரு குறை இல்லாமலா போகும். குடிகார மாமனார், கொடுமைக்கார மாமியார், கிணற்றில் விழுந்தவள் என்று ஒன்று கிடைத்தால்கூடப் போதும். எனக்குச் சம்மதமில்லை என்று இன்று சாயங்காலமே சொல்லிவிடலாம். அவள் பூவோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் கட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

சாயங்காலத்திலும் ஒரு வம்பு இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஹலினா இருக்கிற ஊரில் முறை வைத்துத்தான் கரண்ட் விடுகிறார்கள். அன்றைக்கு அவர்களுக்குக் கரண்ட் இருக்கிற நேரம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை ராகு காலம். செல்வாம்பாள் முடியவே முடியாது என்றாள். மேனகா அதைப் பிடித்துக்கொண்டு, அண்ணி சொல்வது சரிதான், அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம், அவசரம் என்ன என்றாள். கோவிந்தசாமி பஞ்சாங்கத்தையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, பெண் வாழப் போகிற ஊரில் சூரியன் எப்போது உதிக்கிறதோ அதை வைத்துத்தான் ராகு காலம் கணக்கிட வேண்டும், அந்த ஊர்க் கணக்குப்படி இப்போது ராகு காலமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். பலராமன் அசந்துபோய்த் தலையாட்டினார். இந்த ஆளுக்கு யார் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தது என்று மேனகா பல்லைக் கடித்தாள்.

கூடத்தில் பாய் விரித்து, தட்டுகளை வரிசையாக வைத்து, நடுவில் ஸ்டூலின் மேல் செம்பில் சாய்த்துப் போனை நிறுத்தினார்கள். திரையில் ஹலினா தெரிந்தாள். மேனகாவின் வயதுதான் இருக்கும், கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாள். வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தாள். முடியைப் பின்னால் இழுத்துக் கட்டி, நம் ஆட்களைப் பார்த்துக் கைகூப்பினாள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மக்சிமுக்கு அவசர ஆபரேஷன், முடிந்தால் வருவான் என்றாள். அவர்கள் மொழி தெரிந்தவள் கவிநிலா ஒருத்திதான். கல்யாணப் பெண்ணே உட்கார்ந்து இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொன்ன பேச்சுவார்த்தை சாரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கோவிந்தசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜெனரலைப் பற்றி ஆரம்பித்தார். ஜெனரலின் அரண்மனை இப்போது யார் வசம் இருக்கிறது என்று கேட்டார். ஹலினா இரண்டு வார்த்தை சொன்னாள். அது இப்போது நினைவுச் சின்னமாக இருக்கிறது, சுற்றிலும் பெரிய தோட்டம் என்று கவிநிலா நீட்டிச் சொன்னாள். வாள் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்றார் பலராமன். ஹலினா தலையை மட்டும் அசைத்தாள். பத்திரமாக ஒரு இடத்தில் வைத்திருக்கிறார்களாம் என்றாள் கவிநிலா. பிறகு கோவிந்தசாமி தன் போனை எடுத்து, தெருமுனை பேனரின் படத்தைத் திரைக்கு நேராகப் பிடித்தார். ஹலினா குனிந்து பார்த்தாள். சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லையாம் என்றாள் கவிநிலா. கூடம் பூரித்துப்போயிற்று. மேனகா ஹலினாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் விரிகிற கண் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் மேனகா. எல்லாரும் திரும்பினார்கள். அந்த ஒரு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் கேட்ட முதல் கேள்வி அது. "ஜெனரலப் பத்தி எல்லாம் கேட்டாச்சு. அந்த வீட்டுக்கு வாழ வந்த பொண்ணுங்க எப்டி இருந்தாங்க? அந்த ஜெனரலோட பொண்டாட்டியில இருந்து இந்தம்மா வரைக்கும். அதைக் கேட்டுச் சொல்லு."

கவிநிலா அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். ஹலினா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். கோட்டின் பொத்தானைத் திருகினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். திரையில் மேனகாவை மட்டும் பார்த்துப் பேசினாள். ஒரு விரலை மடக்கினாள், இரண்டாவது விரலை மடக்கினாள். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். நாலாவது விரலை மடக்கியபோது அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கடைசியில் கையை எடுத்து, வேண்டிக்கொள்கிற மாதிரி திரைப் பக்கம் நீட்டி ஏதோ சொன்னாள்.

"எல்லாரும் நல்லா இருந்தாங்களாம்மா" என்றாள் கவிநிலா.

அவ்வளவு நீளமாகப் பேசினாளே என்று செல்வாம்பாளே கேட்டாள். அந்த மொழியே அப்படித்தான் அத்தை, இழுத்து இழுத்துத்தான் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு, சார்ஜ் குறைகிறது, பிளக்கில் போட்டுக் காபியும் கொண்டுவருகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு கவிநிலா அடுக்களைக்குள் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று மேனகாவுக்குப் புரிந்துவிட்டது. ஆம்பளைகள் கேட்டபோது அந்தம்மா இரண்டு வார்த்தை சொன்னாள், இவள் இருபதாக்கினாள். நான் கேட்டபோது அந்தம்மா இருநூறு சொன்னாள், இவள் ஒன்றாக்கினாள். மேனகா எழுந்து பின்னாலேயே போய் அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

"மிச்சத்தச் சொல்லு."

கவிநிலா போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பொய் சொல்ல வராமல் இல்லை, சொல்லித் தீர்ந்துபோய்விட்டது என்று தோன்றும்படி நின்றாள். பிறகு சொன்னாள். படை தோற்ற பிறகு ஜெனரல் ஒரு மாதத்தில் வருகிறேன் என்று எல்லை தாண்டிப் போனார், வரவில்லை. அவர் பெண்டாட்டி என்று தெரிந்தால் ஜெயித்தவர்கள் சுட்டுவிடுவார்கள். அதனால் அந்தப் பிரபு வீட்டு மருமகள் எல்லாப் படத்தையும் எரித்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு, வேறு ஊருக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைத்துப் பிள்ளையை வளர்த்தாள். புருஷன் யார் என்று கேட்டவர்களிடம் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன் என்றே சாகும்வரை சொன்னாள். அந்தப் பிள்ளை பெரியவனாகிக் கல்யாணம் செய்துகொண்டு உலகப் போருக்குப் போனான். அவனும் வரவில்லை, அவன் பெண்டாட்டி வாசலைப் பார்த்தே கிழவியானாள். அவன் மகனை, அணு உலை வெடித்தபோது சுத்தம் செய்யக் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்தான், ஆனால் படுத்துக்கொண்டே இருந்தான், மூன்றாவது மருமகள் அவனுக்குப் பணிவிடை செய்தே ஓய்ந்தாள். நாடு தனியான பிறகு பழைய குடும்பப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டவன் அவன்தான். எடுத்துக்கொண்ட கையோடு செத்துப்போனான். அதுவரை அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. அதைத்தான் கோவிந்தசாமி மாமா மஞ்சள் எழுத்தில் தெருமுனையில் கட்டியிருக்கிறார்.

"நாலாவது?" என்றாள் மேனகா. கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

நாலாவது ஹலினா. மக்சிமின் அப்பா ஆர்மியில் இருக்கிறார் என்பது பொய்யில்லை. இரண்டு வருஷமாக அவர் எங்கே என்று ஆர்மிக்கே தெரியாது.

"கடைசியா கைய நீட்டிச் சொன்னாளே, அது இன்னாது?"

கவிநிலா பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "என் பையன் நல்லவன். ஆனா உங்க பொண்ண இந்த வீட்டுக்குக் குடுக்காதீங்க, எனக்கு ஒரு பொண்ணு இருந்தா நான் குடுக்க மாட்டேன்னு சொன்னாங்கம்மா."

மேனகாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. நாலு பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு நிம்மதி வருகிறதே என்று அதற்குப் பின்னால் வெட்கமும் வந்தது. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான். அவள் தேடிப்போனது ஒரு கொடுமைக்கார மாமியாரை. கிடைத்தது, தன் மனசில் இருப்பதைத் தனக்கு முன்னாலேயே சொல்லிவிட்ட மாமியார். இனி வாதாட வேண்டியதில்லை. கூடத்துக்குப் போய் இதை அப்படியே சொன்னால் போதும். செல்வாம்பாள் நெஞ்சில் அடித்துக்கொள்வாள், பலராமனுக்குக் குண்டு ஞாபகம் வரும், பேனரை இருட்டுவதற்குள் இறக்கிவிடுவார்கள். மேனகா திரும்பிக் கதவில் கை வைத்தாள்.

"போய்ச் சொல்லு. நான் தடுக்கல" என்றாள் கவிநிலா. "ஆனா நீ உன் பொறந்த வீட்ல, ஆயாகிட்ட சொன்னியா?"

மேனகாவின் கை கதவிலேயே நின்றது.

"மில்லு மூடி அப்பா வீட்டோட கெடந்தப்போ நாம கஞ்சிதான் குடிச்சோம். ஆயா வீட்டுக்குப் போறப்போ, இன்னா சாப்ட்டீங்கன்னு கேட்டா மீன் கொழம்புன்னு சொல்லுன்னு பஸ்லயே எனக்குச் சொல்லிக் குடுப்ப. ஒருவாட்டி கஞ்சின்னு சொல்லிட்டேன்னு வரும்போது கிள்ளுன. புகுந்த வீட்டுக் கொறைய பொறந்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறவ குடும்பம் நடத்த லாயக்கில்லன்னு சொன்ன. எனக்கு அப்போ அஞ்சாறு வயசும்மா."

"இன்னும் தாலியே ஏறல" என்றாள் மேனகா. "அதுக்குள்ள இன்னாடி புகுந்த வீடு?"

கவிநிலா காபித் தம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தாள். மாலை இல்லை, மேளம் இல்லை, பந்தல் இல்லை, எங்கோ கரண்ட் இல்லாத ஊரில் இருக்கிற ஒரு வீட்டின் துக்கத்தை இவள் முந்தானையில் முடிந்துகொண்டு, பெற்றவளிடமே மறைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். தாலி என்கிற ஒன்றைத் தவிர மீதி எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இனிமேல் வேண்டாம் என்று சொன்னால், கட்டிக்கொடுத்த பெண்ணை வாழவிடாமல் அடிக்கிற தாய் என்றுதான் ஆகும். ஓங்கி ஒரு அறை விடலாமா என்று மேனகாவுக்குக் கை துறுதுறுத்தது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்காவது ஓடிப்போய்விடலாமா என்றும் இருந்தது. இரண்டும் நடக்கிற காரியமில்லை, டாக்டருக்குப் படித்த பெண். நான் பெற்ற பெண்ணுக்கு நானே சொல்லிக்கொடுத்து, என் கண்ணை நானே குத்திக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அரிசி டப்பாவின் மேல் போன் இன்னும் அணையவில்லை. ஹலினா அங்கேயே இருந்தாள். பேச்சு புரியாவிட்டாலும் அடுக்களையில் ஒரு தாயும் மகளும் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டால் அது எதைப் பற்றி என்று தெரியாதவளா. திரைக்கு வெகு கிட்டத்தில் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேனகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள்.

"இப்போ நான் பேசறேன். ஒரு எழுத்து கொறையாம சொல்லணும். கூட்டியும் சொல்லக் கூடாது." மகளிடம் இதைச் சொல்லிவிட்டு, திரையைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "சம்பந்தியம்மா, நானும் வேணாம்னுதான் சொல்றேன். ஒரு வருஷமா வாயத் தொறக்காம சொல்லிட்டிருக்கேன். உங்க பேச்சையும் கேக்கல, என் பேச்சையும் கேக்கல. வந்துதான் தீருவேன்னு நிக்கிறா. வந்தப்புறம் வாசலப் பாத்துக்கிட்டு நிக்கணும்னு அவ தலையில எழுதியிருந்தா, ரெண்டு பேருமா சேந்து நில்லுங்க. என் பொண்ண ஒண்டியா நிக்க விட்டுடாதீங்க."

கவிநிலா சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் குரல் நின்றுபோயிற்று. மேனகா எடுத்துக்கொடுக்கவில்லை. கவிநிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஆரம்பித்து முழுசாகச் சொல்லி முடித்தாள். ஹலினா கோட்டுப் பொத்தானை மறுபடி திருகினாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"சரின்னு சொல்றாங்கம்மா."

இந்தத் தடவை மேனகாவுக்குச் சந்தேகம் வரவில்லை. அந்தம்மா சொன்னதும் அவ்வளவுதான்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஆம்பளைகள் இருவரும் கல்யாணப் பத்திரிகையில் ஜெனரலின் படத்தை எங்கே போடுவது, பிள்ளையார் படத்துக்கு மேலா கீழா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். செல்வாம்பாளுக்கு மட்டும் மனசு அரித்துக்கொண்டிருந்தது போல. மேனகாவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, உள்ளே என்ன, கேட்டதற்கு ஒழுங்கான பதில் கிடைத்ததா, அந்த வீட்டு மருமகள்கள் நிஜமாகவே எப்படி இருந்தார்களாம் என்று காதோரமாகக் கேட்டாள்.

"நல்லா இருந்தாங்களாம் அண்ணி" என்றாள் மேனகா. "எல்லாருமே."

நான்தான் அப்பவே சொன்னேனே என்றார் பலராமன். மேனகா வெற்றிலைத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.